உரோமப் பேரரசர் நாணயச் சேகரிப்பு

உரோமப் பேரரசர் நாணயச் சேகரிப்பு என்பது, உரோமப் பேரரசர்களின் உருவம் பொறித்த பண்டைய நாணயங்களைத் தேடித் தொகுத்து, இனங்கண்டு, பேணிக் காக்கும் செயற்பாடு ஆகும். நாணயச் சேகரிப்பின் மிகப் பழைய கிளைகளுள் இதுவும் ஒன்று. ஐரோப்பாவில் 14ஆம் நூற்றாண்டு முதல் இது நடைபெற்று வருகிறது. நாணயவியல் என்னும் கல்வித்துறை இத்தகைய சேகரிப்பாளர்களின் பெட்டகங்களில் இருந்தே வளர்ந்தது.

இதில் மிகவும் பெயர்பெற்றது பன்னிரு சீசர் தொகுப்பு ஆகும். யூலியஸ் சீசர் முதல் டொமிஷியன் வரையான பன்னிருவரில் ஒவ்வொருவருக்கும் ஒரு நாணயமாவது பெறுவதே இதன் நோக்கம். கி.பி. 2ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சுவெட்டோனியஸ் என்னும் உரோம எழுத்தாளர் இப்பன்னிருவரின் வாழ்க்கை வரலாறுகளை ஒரே நூலாக எழுதினார். அந்நூலின் வரிசையே சேகரிப்பாளர்களின் வரிசையாகவும் அமைந்தது.

ஒரு நாணயத்தின் மதிப்பு அதில் உள்ள முகத்தால் மட்டும் அமைவதில்லை. அது எங்கே, எந்தப் பொருட்களுடன் கிடைத்தது என்பதும் அதன் வரலாற்று மதிப்பின் ஒரு பகுதியாகும். இச்செய்தி ஒருமுறை தொலைந்துவிட்டால் அதை மீட்பது அரிது. இதனால் இச்சேகரிப்பு, வரலாற்று ஆய்வுக்குத் துணையாக இருந்துள்ளது போலவே சில வேளைகளில் கேடாகவும் இருந்துள்ளது.

## பின்னணி

நாணயங்கள் இன்றைய துருக்கியின் மேற்குப் பகுதியில் இருந்த லிடியா நாட்டில் கி.மு. 7ஆம் நூற்றாண்டில் தோன்றின. தொடக்ககாலக் கிரேக்க நாணயங்களில் கடவுளரும் விலங்குகளும் நகரச் சின்னங்களுமே பொறிக்கப்பட்டன. பாரசீகப் பேரரசின் ஆளுநர்கள் சிலரின் உருவங்கள் கி.மு. 5ஆம் நூற்றாண்டின் இறுதியில் நாணயங்களில் தோன்றின. எனினும் ஆட்சியாளரின் முகத்தை நாணயத்தில் பொறிக்கும் வழக்கம் பேரரசன் அலெக்சாந்தரின் மறைவுக்குப் பின்னரே பரவியது. அலெக்சாந்தரின் படைத்தலைவர்களுள் ஒருவரான லிசிமாக்கஸ், ஆட்டுக்கடாக் கொம்புகளுடன் கூடிய அலெக்சாந்தரின் தலையைத் தமது நாணயங்களில் பொறித்தார். எகிப்தை ஆண்ட முதலாம் தாலமி தமது சொந்த முகத்தையே பொறித்தார்.

உரோமக் குடியரசில் நிலைமை வேறாக இருந்தது. அங்கே கடவுளர், மறைந்த முன்னோர் ஆகியோரின் தலைகளே நாணயத்தில் இடம்பெற்றன. உயிருடன் உள்ள ஒருவரின் முகத்தைப் பொறிப்பது முடியாட்சிக்கு உரிய செயலாகக் கருதப்பட்டது. கி.மு. 44இன் தொடக்கத்தில் யூலியஸ் சீசரின் உருவம் உரோம் நகரில் அடிக்கப்பட்ட நாணயங்களில் இடம்பெற்றதுடன் இவ்வழக்கம் முறிந்தது. அவற்றுள் சிலவற்றில், சீசர் நிரந்தர சர்வாதிகாரி என்னும் பட்டமும் காணப்படுகிறது. அதே ஆண்டு மார்ச் 15 அன்று சீசர் கொலை செய்யப்பட்டார்.

சீசரைக் கொன்றவர்களுள் முதன்மையானவரான புரூட்டஸ், கி.மு. 43-42 காலப்பகுதியில் தமது படையினருக்காக அடித்த நாணயத்தில் தமது முகத்தையே பொறித்தது குறிப்பிடத்தக்கது. அதன் பின்பக்கத்தில் இரண்டு குத்துவாள்களும், அவற்றின் நடுவே விடுதலை பெற்ற அடிமைகள் அணியும் தொப்பியும், கீழே மார்ச் 15ஐக் குறிக்கும் எழுத்துக்களும் உள்ளன. முடியாட்சியை எதிர்த்தவரும் முகத்தைப் பொறித்த பின்னர், அவ்வழக்கம் மாறவில்லை.

அச்சிட்ட செய்திகள் இல்லாத அக்காலத்தில், தொலைவில் வாழ்ந்த குடிமக்களுக்குப் பேரரசரின் முகமும் பட்டங்களும் தெரியவந்த வழிகளுள் நாணயம் முதன்மையானது. படைவீரர்களின் ஊதியமும் அதிலேயே வழங்கப்பட்டது. ஆகவே புதிதாக அரியணை ஏறியவர் விரைந்து செய்த செயல்களுள் நாணயம் அடித்தலும் ஒன்றாக இருந்தது. சில மாதங்களே ஆண்டவர்களுக்கும், தோல்வியுற்ற கிளர்ச்சியாளர்களுக்கும் கூட நாணயங்கள் உள்ளமைக்கு இதுவே காரணம்.

## நாணய வகைகள்

பேரரசின் முதல் நூற்றாண்டில் வழங்கிய முதன்மையான நாணயங்கள் வருமாறு:

- ஔரியஸ்: பொன் நாணயம். எடை சுமார் 8 கிராம். 25 தெனாரியசுக்கு இணையானது.
- தெனாரியஸ்: வெள்ளி நாணயம். அகஸ்டஸ் காலத்தில் எடை சுமார் 3.9 கிராம். சாதாரணக் காலாட்படை வீரன் ஒருவனின் ஆண்டு ஊதியம் 225 தெனாரியஸ் ஆக இருந்தது.
- செஸ்டர்ஷியஸ்: பித்தளையால் ஆன பெரிய நாணயம். எடை சுமார் 25 கிராம். நான்கு செஸ்டர்ஷியஸ் ஒரு தெனாரியஸ் ஆகும்.
- துபோந்தியஸ்: பித்தளை நாணயம். செஸ்டர்ஷியசில் பாதி மதிப்புடையது.
- ஆஸ்: செம்பு நாணயம். பதினாறு ஆஸ் ஒரு தெனாரியஸ் ஆகும்.

இவை தவிர, அலெக்சாந்திரியா, அந்தியோக்கியா முதலிய கிழக்கு நகரங்கள் கிரேக்க எழுத்துப் பொறிப்புடன் தமக்குரிய நாணயங்களை அடித்தன. இவை மாகாண நாணயங்கள் எனப்படுகின்றன. பெரிய அளவும் அகன்ற பரப்பும் கொண்டதால், நுண்மையான முக வடிப்புக்குச் செஸ்டர்ஷியசே சிறந்தது என்று சேகரிப்பாளர்கள் கருதுவர்.

## நாணயத்தை இனங்காணல்

உரோம நாணயங்கள் கையால் அடிக்கப்பட்டவை. கீழ் அச்சின் மேல் உலோக வில்லையை வைத்து, அதன் மேல் மற்றோர் அச்சைப் பிடித்துச் சுத்தியலால் ஓங்கி அடித்தனர். எனவே ஒரே அச்சில் அடித்த இரண்டு நாணயங்கள் கூட முற்றிலும் ஒத்திருப்பதில்லை. உருவம் ஓரத்துக்கு விலகியிருத்தல், எழுத்துக்கள் சில விடுபட்டிருத்தல், விளிம்பு பிளந்திருத்தல் ஆகியன இயல்பானவை. மறுபுறம், ஒரே அச்சில் இருந்து வந்த நாணயங்களை நுணுகி ஒப்பிட்டு இனங்காண முடியும். இது அச்சு ஒப்பீடு எனப்படும். நாணயங்களின் காலவரிசையை அறியவும் போலிகளைக் கண்டறியவும் இம்முறை பெரிதும் உதவுகிறது.

இந்நாணயங்களில் ஆண்டு எண் பொறிக்கப்படுவதில்லை. ஆயினும் பேரரசரின் பெயரைச் சுற்றிச் சுருக்க எழுத்துக்களில் அவர் வகித்த பதவிகள் குறிக்கப்பட்டிருக்கும். கொன்சுல் பதவியை எத்தனையாவது முறையாக வகிக்கிறார், மக்கள் காவலருக்குரிய அதிகாரத்தை எத்தனையாவது ஆண்டாகக் கொண்டுள்ளார் என்பன எண்களுடன் தரப்படும். இவற்றைக் கொண்டு பல நாணயங்களின் காலத்தை ஓர் ஆண்டுக்குள் வரையறுக்க முடிகிறது. தந்தை நாட்டின் தந்தை என்னும் பட்டம் அகஸ்டசுக்குக் கி.மு. 2இல் வழங்கப்பட்டது. ஆகவே அப்பட்டம் பொறித்த அகஸ்டசின் நாணயம் எதுவும் அவ்வாண்டுக்கு முற்பட்டதாக இருக்க இயலாது.

முக அமைப்பும் காலத்தைக் காட்டும். நீரோவின் நாணயங்களை வரிசைப்படுத்தினால், மெலிந்த சிறுவன் முகம் படிப்படியாகத் தடித்த கழுத்தும் சுருண்ட முடியும் கொண்ட முகமாக மாறுவதைக் காணலாம்.

## பன்னிரு சீசர் தொகுப்பு

இத்தொகுப்பில் சில நாணயங்கள் எளிதில் கிடைப்பவை. வேறு சில மிகவும் அரியவை. ஒருவரின் நாணயம் அரிதாக இருப்பதற்கு அவரது ஆட்சிக்காலம் குறுகியமை மட்டுமே காரணம் அன்று. எந்த உலோகத்தில், எவ்வளவு அடித்தார், பின்வந்தோர் எவ்வளவை உருக்கினர் என்பனவும் காரணங்களாகும்.

- யூலியஸ் சீசர் (கி.மு. 100 - கி.மு. 44): வாழ்நாளில் அடித்த உருவ நாணயங்கள் சில மாதங்களுக்கே உரியவை என்பதால் விலை மிக்கவை. இவர் பேரரசர் அல்லர். எனினும் சுவெட்டோனியசின் நூல் இவரிடமிருந்தே தொடங்குகிறது. பலர் யானை பொறித்த சீசரின் தெனாரியசைக் கொண்டு இவ்விடத்தை நிரப்புகின்றனர். அதில் சீசரின் பெயர் உண்டு, முகம் இல்லை.
- அகஸ்டஸ் (கி.மு. 27 - கி.பி. 14): இன்றைய பிரான்சின் லியோன் நகரில் அடிக்கப்பட்ட தெனாரியஸ் மிகுதியாகக் கிடைக்கிறது. அதன் பின்பக்கத்தில் இவரது பேரன்மார் காயுஸ், லூசியஸ் ஆகிய இருவரும் கேடயங்களுடன் நிற்கின்றனர். இவர்கள் இருவரும் அகஸ்டசுக்கு முன்னரே இறந்துவிட்டனர்.
- டைபீரியஸ் (14 - 37): பின்பக்கத்தில் அமர்ந்த பெண்ணுருவம் கொண்ட தெனாரியஸ் புகழ்பெற்றது. விவிலியத்தில் வரி பற்றி இயேசுவிடம் கேட்டபோது காட்டப்பட்ட நாணயம் இதுவே என்னும் நம்பிக்கை பரவலாக உள்ளது. நற்செய்தியில் பேரரசரின் பெயர் குறிப்பிடப்படவில்லை. ஆயினும் இந்நம்பிக்கையால் இதன் விலை உயர்ந்துள்ளது.
- காலிகுலா (37 - 41): வெள்ளி நாணயங்கள் அரியவை. வெஸ்தா தேவதை அமர்ந்துள்ள செம்பு ஆஸ் நாணயமே பெரும்பாலோரின் தொகுப்பில் இடம்பெறுகிறது. இவர் கொல்லப்பட்ட பின்னர், இவரது உருவம் கொண்ட செம்பு நாணயங்களை உருக்குமாறு உரோம ஆட்சிமன்றம் ஆணையிட்டதாக வரலாற்றாசிரியர் காசியஸ் தியோ கூறுகிறார்.
- குளோடியஸ் (41 - 54): செம்பு நாணயங்கள் எளிதில் கிடைக்கின்றன. பிரித்தானியாவை வென்றதைக் கொண்டாடும் வளைவு பொறித்த பொன், வெள்ளி நாணயங்கள் விரும்பப்படுகின்றன.
- நீரோ (54 - 68): கி.பி. 64 அளவில் நாணயங்களின் எடையைக் குறைத்தார். ஓர் உரோம இறாத்தல் வெள்ளியில் 84 தெனாரியஸ் அடித்த நிலை மாறி 96 அடிக்கப்பட்டன. வெள்ளியின் தூய்மையும் குறைந்தது.
- கல்பா (68 - 69): சுமார் எழுபது வயதில் ஆட்சிக்கு வந்தவர். சுருக்கங்கள் மிகுந்த முதிய முகம் ஒளிவுமறைவின்றி வடிக்கப்பட்டுள்ளது.
- ஓத்தோ (69, சனவரி - ஏப்பிரல்): ஏறத்தாழ மூன்று மாதங்களே ஆண்டவர். உரோம் நகரில் இவருக்குப் பித்தளை, செம்பு நாணயங்கள் அடிக்கப்படவில்லை. இவர் பொய்முடி அணிந்தார் என்று சுவெட்டோனியஸ் கூறுகிறார். நாணயங்களில் அலையலையாக அடுக்கிய முடி காணப்படுகிறது. உள்நாட்டுப் போரின் நடுவே அடிக்கப்பட்ட இவரது தெனாரியஸ் ஒன்றில் உலகெங்கும் அமைதி என்னும் பொருள்படும் பொறிப்பு உள்ளது.
- விட்டெல்லியஸ் (69, ஏப்பிரல் - திசம்பர்): பருத்த கன்னமும் இரட்டைத் தாடையும் கொண்ட முகம்.
- வெஸ்பாசியன் (69 - 79): வெள்ளி நாணயங்கள் மிகுதி. கி.பி. 70இல் எருசலேம் வீழ்ந்ததைக் குறிக்கும் யூதேயா நாணயங்கள், துயருற்று அமர்ந்த பெண்ணுருவத்துடன் உள்ளன.
- டைட்டஸ் (79 - 81): தந்தையின் ஆட்சியில் இளவரசராக இருந்தபோது அடித்தவை எளிதில் கிடைக்கும். கொலோசியம் அரங்கைக் காட்டும் செஸ்டர்ஷியஸ் மிக அரியது.
- டொமிஷியன் (81 - 96): மினர்வா தேவதை பொறித்த தெனாரியஸ்கள் பல வகைகளில் கிடைக்கின்றன. கி.பி. 82இல் வெள்ளியின் தூய்மையை உயர்த்திப் பின்னர் 85இல் ஓரளவு குறைத்தார்.

நீரோவின் எடைக் குறைப்புக்கு முற்பட்ட வெள்ளி நாணயங்களில் உலோகம் மிகுதி. ஆகவே அவை உருக்கப்பட்டு மறைந்தன. கி.பி. 107 அளவில் பேரரசர் டிராஜன் தேய்ந்த பழைய நாணயங்களைத் திரும்பப் பெற்று உருக்கினார். முதல் நூற்றாண்டின் தொடக்கத்தைச் சேர்ந்த வெள்ளி, பேரரசின் எல்லைக்குள் இருந்ததைக் காட்டிலும் எல்லைக்கு வெளியே பாதுகாப்பாக இருந்தது. இதற்குத் தென்னிந்தியா சிறந்த எடுத்துக்காட்டு ஆகும்.

## தென்னிந்தியாவிலும் இலங்கையிலும்

இந்தியாவுடனான வணிகத்தால் ஆண்டுதோறும் ஐந்து கோடி செஸ்டர்ஷியஸ் உரோமை விட்டு வெளியேறுவதாகப் பிளினி கி.பி. 1ஆம் நூற்றாண்டில் எழுதினார். யவனர் கலங்கள் பொன்னைக் கொண்டுவந்து மிளகைப் பெற்றுச் சென்ற செய்தி அகநானூற்றின் 149ஆம் பாடலில் இடம்பெற்றுள்ளது. கோயம்புத்தூர், கரூர் பகுதிகளில் வெள்ளலூர், பொள்ளாச்சி முதலிய இடங்களில் உரோம வெள்ளி நாணயப் புதையல்கள் கிடைத்துள்ளன. அவற்றுள் பெரும்பாலானவை இரண்டே வகைகள்: மேலே கூறிய அகஸ்டசின் பேரன்மார் நாணயமும் டைபீரியசின் அமர்ந்த பெண்ணுருவ நாணயமும் ஆகும். எடை குறைந்த பிற்கால வெள்ளியை இங்குள்ள வணிகர் விரும்பவில்லை என்பது இதற்குத் தரப்படும் விளக்கங்களுள் ஒன்று. அதாவது இங்கே நாணயம் முகத்துக்காக அன்றி உலோகத்துக்காகவே மதிக்கப்பட்டது.

புதுக்கோட்டைப் பகுதியில் 1898இல் 501 உரோமப் பொற்காசுகள் அடங்கிய புதையல் கிடைத்தது. அக்காசுகளில் பெரும்பாலானவற்றின் மேல், பேரரசரின் தலைக்குக் குறுக்கே உளியால் வெட்டப்பட்டுள்ளது. உலோகத்தைச் சோதிப்பதற்காக வெட்டினர் என்றும், அவை மீண்டும் நாணயமாகப் புழங்காதிருக்க வெட்டினர் என்றும் ஆய்வாளர்கள் கூறுவர். தனித்தனியே விற்கப்பட்டிருந்தால் இவை வெறும் சேதமுற்ற காசுகளாகவே கருதப்பட்டிருக்கும். ஒரே இடத்தில் ஒரே வகை வெட்டுடன் சேர்ந்து கிடைத்தமையால்தான், இது திட்டமிட்டுச் செய்யப்பட்ட செயல் என்பது தெரியவந்தது.

முகம் பொறிக்கும் வழக்கத்தின் தாக்கத்தைச் சங்ககாலச் சேரர் நாணயங்களிலும் காணலாம். கரூர்ப் பகுதியில் கிடைத்த வெள்ளி நாணயங்களில் ஆடவர் தலையுருவத்துடன் மாக்கோதை, குட்டுவன் கோதை என்னும் பெயர்கள் தமிழ்ப் பிராமி எழுத்தில் பொறிக்கப்பட்டுள்ளன. இவற்றின் உருவ அமைப்பில் உரோம நாணயங்களின் சாயல் உண்டு என்பது ஆய்வாளர் கருத்து. இலங்கையில் கி.பி. 4, 5ஆம் நூற்றாண்டுகளைச் சேர்ந்த சிறிய உரோமச் செப்புக்காசுகளும் அவற்றின் உள்ளூர்ப் போல்மங்களும் பெருந்தொகையாகக் கிடைத்துள்ளன.

## சேகரிப்பின் வரலாறு

பழைய நாணயங்களில் ஆர்வம் காட்டியவர்களுள் அகஸ்டசும் ஒருவர். திருவிழா நாட்களில் அவர் பழைய அரசர்களின் நாணயங்களையும் அயல்நாட்டு நாணயங்களையும் பரிசாக வழங்கினார் என்று சுவெட்டோனியஸ் எழுதியுள்ளார்.

இத்தாலியக் கவிஞர் பெட்ரார்க் (1304 - 1374) உரோம நாணயங்களைச் சேகரித்தார். 1354இல் பேரரசர் நான்காம் சார்லசைச் சந்தித்தபோது, பண்டைய பேரரசர்களின் நாணயங்கள் சிலவற்றை அவருக்கு வழங்கி, அம்முகங்களுக்கு உரியோரைப் பின்பற்றுமாறு வேண்டினார். நாணயத்தில் உள்ள முகம் ஒழுக்கப் பாடம் புகட்டும் என்னும் கருத்து அக்காலத்தில் வலுவாக இருந்தது. நாணய உருவங்களை ஆதாரமாகக் கொண்டு புகழ்பெற்றோரின் முகங்களைத் தரும் நூலொன்றை அந்திரேயா புல்வியோ 1517இல் உரோமில் வெளியிட்டார்.

வியன்னாவைச் சேர்ந்த யோசப் எக்கெல் (1737 - 1798) இத்துறையை அறிவியல் அடிப்படையில் ஒழுங்குபடுத்தினார். 1792 முதல் 1798 வரை எட்டுத் தொகுதிகளாக வெளிவந்த இவரது நூல், நாணயங்களை நிலப்பகுதி வாரியாகவும் கால வரிசையிலும் பகுத்தது. அதன் பின்னர் முகத்தைத் தேடும் ஆர்வம், சான்றைத் தேடும் கல்வியாக மாறத் தொடங்கியது.

## போலிகள்

சேகரிப்பு வளர்ந்தபோது போலிகளும் வளர்ந்தன. பதுவா நகரைச் சேர்ந்த சிற்பி யோவான்னி தா கவீனோ (1500 - 1570) உரோமச் செஸ்டர்ஷியஸ்களைப் பின்பற்றி மிக அழகிய நாணயங்களை உருவாக்கினார். இவை பதுவா நாணயங்கள் எனப்படுகின்றன; இன்று இவற்றுக்கே தனியான சேகரிப்பாளர்கள் உள்ளனர். செருமனியைச் சேர்ந்த கார்ல் வில்லெம் பெக்கர் (1772 - 1830) பண்டைய நாணயங்களுக்குப் புதிய அச்சுகளைச் செதுக்கிப் போலிகளை அடித்தார்.

போலிகளைக் கண்டறியப் பின்வருவன கவனிக்கப்படுகின்றன:

- எடையும் விட்டமும் அந்நாணய வகைக்குப் பொருந்துகின்றனவா என்பது.
- விளிம்பைச் சுற்றி வார்ப்பு அச்சின் இணைப்புக் கோடோ, பரப்பில் காற்றுக் குமிழிகளோ உள்ளனவா என்பது. அடித்த நாணயத்தில் இவை இருப்பதில்லை.
- ஒரே கீறலும் ஒரே விளிம்புப் பிளவும் கொண்ட மற்றொரு நாணயம் விற்பனைக்கு வந்துள்ளதா என்பது.
- எழுத்துக்களின் வடிவமும் பட்டங்களும் அக்காலத்துக்கு ஏற்றவையா என்பது.

செம்பு வில்லையின் மேல் வெள்ளித் தகடு போர்த்திய நாணயங்கள் பண்டைக் காலத்திலேயே அடிக்கப்பட்டன. இவை அக்காலக் கள்ளநாணயங்கள் ஆகும்; இக்காலப் போலிகளுடன் சேர்த்து எண்ணத்தக்கவை அல்ல. உண்மையான, ஆனால் தேய்ந்த செஸ்டர்ஷியசின் முடியையும் முகத்தையும் கூரிய கருவியால் புதிதாகச் செதுக்கி விற்பதும் உண்டு. இத்தகைய நாணயம் உண்மையானது எனினும், அதில் உள்ள முகம் உண்மையானது அன்று.

## கிடைத்த இடத்தின் முக்கியத்துவம்

பிரான்சில் 1900இல் கிடைத்த ஒரு புதையலில், டொமிஷியனஸ் என்னும் பெயர் கொண்ட பேரரசரின் நாணயம் ஒன்று இருந்தது. இவர் பன்னிரு சீசருள் ஒருவரான டொமிஷியன் அல்லர், கி.பி. 271 அளவில் கோல் பகுதியில் கிளர்ந்தெழுந்து மிகக் குறுகிய காலம் ஆண்டவர். வேறு நாணயம் எதுவும் இல்லாமையால் அது போலி என்றே பலர் கருதினர். 2003இல் இங்கிலாந்தின் சால்குரோவ் என்னும் ஊரில் ஒரு பானையில் ஏறத்தாழ 5,000 நாணயங்கள் கிடைத்தன. அவை ஒன்றோடொன்று ஒட்டிய கட்டியாக இருந்த நிலையிலேயே அருங்காட்சியகத்தாரிடம் ஒப்படைக்கப்பட்டன. அவற்றைப் பிரித்தெடுத்தபோது டொமிஷியனசின் இரண்டாவது நாணயம் வெளிப்பட்டது. இரண்டும் ஒரே அச்சுகளில் அடிக்கப்பட்டவை. இதனால் முதல் நாணயமும் உண்மையானது என்பது உறுதியானது. அப்பானையைக் கண்டெடுத்தவர் நாணயங்களைத் தாமே பிரித்து விற்றிருந்தால், இரண்டாவது நாணயமும் போலி என்றே ஒதுக்கப்பட்டிருக்கக்கூடும்.

2010இல் இங்கிலாந்தின் புரோம் நகருக்கு அருகே ஒரே பானையில் 52,503 நாணயங்கள் கிடைத்தன. கண்டெடுத்தவர் பானையை வெளியே எடுக்காமல் தொல்லியலாளருக்குத் தெரிவித்தார். அவர்கள் அடுக்கடுக்காக நாணயங்களை எடுத்தபோது, காலத்தால் பிந்திய கரோசியசின் நாணயங்கள் பெரும்பாலும் பானையின் கீழ்ப்பாதியில் இருந்தன. எனவே இது ஆண்டுக்கணக்கில் சிறிது சிறிதாகச் சேர்த்த சேமிப்பு அன்று. ஒரே வேளையில் நிரப்பப்பட்டது என்னும் முடிவுக்கு வரமுடிந்தது. தனித்தனி நாணயங்களை எவ்வளவு ஆராய்ந்தாலும் இச்செய்தி கிடைத்திராது.

இதற்கு மாறான எடுத்துக்காட்டு ஸ்பொன்சியானஸ் என்பவரின் பொன் நாணயங்கள் ஆகும். இவை 1713இல் திரான்சில்வேனியாவில் கிடைத்ததாகக் கூறப்படுகிறது. இப்பெயருடைய பேரரசர் வேறு எந்தச் சான்றிலும் இல்லை. நீண்டகாலம் போலியாகக் கருதப்பட்ட இந்நாணயங்கள் உண்மையானவை என்று 2022இல் வெளியான ஆய்வொன்று வாதிட்டது. அவற்றின் பரப்பில் உள்ள தேய்மானமும் மண்படிவும் அதற்குச் சான்றுகளாகக் காட்டப்பட்டன. நாணயவியலாளர் பலர் இதை ஏற்கவில்லை. கண்டெடுத்த சூழல் முறையாகப் பதியப்படாமையால், முந்நூறு ஆண்டுகள் கடந்தும் இவ்வழக்கு முடியவில்லை.

புரூட்டசின் மார்ச் 15 நாணயத்தின் அரிய பொன் வகை ஒன்று, 2020இல் இலண்டனில் ஏலத்தில் 32 இலட்சம் பவுண்டுகளுக்கு மேல் விலைபோனது. அதன் முந்தைய உடைமையாளர் பற்றிய விவரங்கள் பொய்யானவை எனப் பின்னர் அமெரிக்க அரச வழக்கறிஞர்கள் கண்டறிந்தனர். 2023இல் அந்நாணயம் கிரேக்க நாட்டிடம் ஒப்படைக்கப்பட்டது. நாணயம் மீண்டது, ஆயினும் அது எந்த மண்ணில், எவற்றுடன் புதைந்திருந்தது என்பது மீளவில்லை.

## சட்டங்கள்

இந்தியாவில் 1878ஆம் ஆண்டின் புதையல் சட்டத்தின்படி, மண்ணில் மறைந்திருந்து கிடைக்கும் புதையல் பத்து ரூபாய்க்கு மேற்பட்ட மதிப்புடையதாயின் மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்கப்பட வேண்டும். 1972ஆம் ஆண்டின் தொல்பொருட்கள் சட்டம், நூறு ஆண்டுகளுக்குக் குறையாத பழமையுடைய நாணயங்களைத் தொல்பொருட்கள் என வரையறுக்கிறது. அவற்றைத் தனியார் நாட்டுக்கு வெளியே ஏற்றுமதி செய்வது தடைசெய்யப்பட்டுள்ளது. இலங்கையில் 1940ஆம் ஆண்டின் தொல்பொருட்கள் கட்டளைச் சட்டம் நடைமுறையில் உள்ளது.

இங்கிலாந்தில் 1996ஆம் ஆண்டின் புதையல் சட்டப்படி, புதையலைத் தெரிவிப்பது கட்டாயம். அருங்காட்சியகம் அதைப் பெற விரும்பினால், சந்தை மதிப்புக்கு ஏற்ற தொகை கண்டெடுத்தவருக்கும் நிலத்தின் உடைமையாளருக்கும் வழங்கப்படும். மேற்கூறிய சால்குரோவ், புரோம் புதையல்கள் சிதறாமல் ஆய்வுக்குக் கிடைத்தமைக்கு இந்த ஏற்பாடு துணைபுரிந்தது. பண்பாட்டுச் சொத்துக்களின் சட்டவிரோதக் கடத்தலைத் தடுக்கும் யுனெசுக்கோ உடன்படிக்கை 1970இல் நிறைவேற்றப்பட்டது. நாணயத்தின் உடைமை வரலாறு 1970க்கு முன்னர் வரை செல்கிறதா என்று பொறுப்புள்ள அருங்காட்சியகங்களும் சேகரிப்பாளர்களும் கேட்பதற்கு இதுவே காரணம்.

## பராமரிப்பு

பண்டைய நாணயங்களைத் தேய்த்து மெருகேற்றுதல் கூடாது. செம்பு, பித்தளை நாணயங்களின் மேல் நூற்றாண்டுகளாகப் படிந்த பச்சை அல்லது பழுப்புப் படலம் அவற்றைக் காக்கிறது. அமிலமோ கம்பித் தூரிகையோ பயன்படுத்தினால் இப்படலத்துடன் முகத்தின் நுண்மையான வரிகளும் அழிந்துவிடும். வெளிர்பச்சை நிறத் தூளாக உதிரும் அரிப்பு ஏற்பட்டால், அந்நாணயத்தை மற்றவற்றில் இருந்து பிரித்து உலர்ந்த இடத்தில் வைத்து, பயிற்சி பெற்றவரிடம் காட்ட வேண்டும். பிவிசி நெகிழி உறைகள் நாளடைவில் உலோகத்தைக் கெடுப்பதால் அவை தவிர்க்கப்படுகின்றன. நாணயத்தை எப்போதும் விளிம்பில் பிடித்தே எடுக்க வேண்டும்.

ஒவ்வொரு நாணயத்துக்கும் ஒரு குறிப்பட்டை எழுதிவைத்தல் நல்ல சேகரிப்பின் அடையாளம் ஆகும். எடை, விட்டம், பொறிப்பு ஆகியவற்றுடன், யாரிடமிருந்து எப்போது பெறப்பட்டது, அதற்கு முன் யாரிடம் இருந்தது, எங்கே கிடைத்தது என்பனவும் அதில் இடம்பெற வேண்டும். பழைய உறைகள், ஏலப் பட்டியல்கள், பற்றுச்சீட்டுகள் ஆகியவற்றையும் நாணயத்துடன் சேர்த்துப் பாதுகாப்பது வழக்கம். நாணயத்தில் உள்ள முகத்தை அடுத்த தலைமுறையும் காண முடியும். எழுதிவைக்காத செய்தியை அவர்கள் அறிய வழியில்லை.

## இவற்றையும் பார்க்கவும்

- நாணயவியல்
- உரோமப் பேரரசு
- பன்னிரு சீசர்கள்
- சங்ககால நாணயங்கள்
- புதையல்